படங்கில் சுற்றிய ரிப்போட்

அம்மா,

உன் படங்குத் துண்டு என் மேசைமேல் கிடக்கிறது. பம்பு வீட்டு மேசை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு பம்புகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன, மூன்று மணிக்குத்தான் மாற்று ஆள் வருவான். ரப்பரும் கொழுந்துச் சாறும் கலந்த அந்த வாசம் இங்கே அடிக்கும் கிரீஸ் வாசத்தையும் மீறி வருகிறது. மழைக்கு நனையாமலும் தேயிலைச் செடி கீறாமலும் இருக்க, மலைக்குப் போகும்போது நீ இடுப்பில் சுற்றிக் கட்டிய தடித்த ஷீட். கிழிந்துபோனதும் அதில் ஒரு சதுரம் வெட்டி எடுத்து, உன் ஆஸ்பத்திரிக் கடதாசிகளை அதற்குள் சுற்றி வைத்தாய். மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ் ஒழுகும் என்று சொன்னாய். ஒழுகத்தான் செய்தது.

நீ போன பிறகு ஏழு வருடம் நான் அதைப் பிரிக்கவில்லை. போன மாதம் பிரித்தேன். காரணத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேச எனக்கு இப்போதும் வராது. அக்காவுக்கு உன் நோய் வந்திருக்கிறது. கருப்பையின் உட்சுவரில் புற்று. ஆரம்பக் கட்டம் என்கிறார்கள். உனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஒப்பரேஷன் முடிந்து இன்றோடு பதினாறு நாள். வெட்டி எடுத்ததை எல்லாம் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கருப்பை, இரண்டு குழாய், இரண்டு சூலகம். நீ முட்டைப்பை என்பாயே, அதுதான் சூலகம். அங்கே போயிருக்கிறதா இல்லையா என்று செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் சொல்வார்கள். அதற்கு இன்னும் நாற்பத்து நாலு மணித்தியாலம். பம்பில் அழுத்தம் எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். உடம்புக்கு அப்படி ஒன்று இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், சூலகம் சாதாரணமாகத்தான் தெரிகிறது என்றார்கள். "அப்ப இல்லதானே?" என்று கேட்டேன். "ஸ்கேனில் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்" என்றார் டொக்டர். இந்த மாதிரிப் பதில்களோடுதான் இரண்டு மாதமாகக் குடித்தனம் நடத்துகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து நல்லாயிருந்த வால்வு ஒன்றைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினேன்.

அக்காவின் டொக்டர் வெலிமடைப் பக்கத்துச் சிங்களப் பெண். உன் ரிப்போட்டைக் கேட்டது அவர்தான். உன் சூலகத்தில் இருந்தது கருப்பையிலிருந்து பரவியதா, அங்கேயே தனியாக முளைத்ததா என்று பார்க்க வேண்டுமாம். இரண்டும் நடக்கக்கூடியதாம். குடும்பத்தில் வேறு யாரைச் சோதிக்க வேண்டும் என்பதற்கும் அது உதவுமாம். தோட்டத்தில் நம் லயத்து வீட்டுக்குப் போய் உன் தகரப் பெட்டியைத் திறந்து எடுத்து வந்தேன். கொழும்பில் உனக்குச் செய்த இரண்டாவது ஒப்பரேஷனின் ரிப்போட், நாலாக மடித்தபடியே இருந்தது. மடிப்பில் கறுத்திருந்தது. இங்கிலீஷ் தெரியாத நீ அதைப் பத்திரமாக வைத்திருந்தாய். இங்கிலீஷ் தெரிந்த நான் ஒருநாளும் அதைக் கடைசி வரை படித்ததில்லை.

படித்தேன். சூலகத்தில் இருந்தது கருப்பையிலிருந்து பரவியது என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த வரியில் குழாய்களைப் பற்றி. இரண்டும் முன்பே கட்டப்பட்டவை, இரண்டிலும் புற்று இல்லை.

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். குழாய் அடைபட்டே இருந்திருக்கிறது, அம்மா. அதுவரைக்கும் நீ சொன்னது சரிதான். உன்னோடு சேர்ந்து நானும் போட்ட மீதிக் கணக்குதான் பிழை.

ஒன்பது வருடத்துக்கு முந்தி அது. நான் பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரியில் கடைசி வருடம், நீர்க்குழாய் வேலை படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது ஏதும் இல்லை என்று நினைத்த வயது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வீட்டுக்கு வந்தால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் புறப்பட்டவள் மாதிரி நீ படங்கு கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாய்.

"என்னம்மா, ஞாயித்துக்கெழமையும் பெரட்டா?"

"தொர சம்பளத்தக் கூட்டித் தர்றாராம். அதான் வீட்டுக்குள்ளயும் ட்ரெஸ்ஸோட நிக்கிறேன்."

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்தப் படங்குக்குள் நீ எத்தனை மடிப்புப் பழந்துணி கட்டியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. மலையில் கூட நின்று கொழுந்தெடுத்த பெண்களுக்கும் தெரியாது. தண்ணீர் உள்ளே போகாத துணிக்கு வெளியே வரவிடாத குணமும் உண்டு என்பதைப் பைப்பு படித்தவன் யோசிக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னாய். தோட்டத்து டிஸ்பென்சரியில் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், போக வேண்டும் என்று.

"என்ன வருத்தம்?"

"பொம்பள வருத்தம்."

அதோடு முடிந்தது. அப்பா இருந்திருந்தாலும் அதற்கு மேல் சொல்லியிருக்க மாட்டாய், அவர் எனக்கு ஆறு வயதிலேயே போய்விட்டார். உனக்குச் சிங்களம் சந்தைக்குப் போதும், டொக்டருக்குப் போதாது. அக்காவுக்கும் அதே அளவுதான். எனவே நான் கூட வருவது என்று தானாகவே முடிவாகிவிட்டது. நம் தோட்டங்களில் எந்தத் தாயும் அப்படித்தானே போகிறாள், சிங்களம் தெரிந்த மகனைப் பின்னால் கூட்டிக்கொண்டு. நீ மட்டும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாய்.

"தம்பி, மிட்வைஃப் புவனா மிஸ்ஸையும் கூட்டிட்டுப் போவமா? வியாழக்கிழமைன்னா வர்றேன்னுச்சு."

"அவங்க எதுக்கு? நான்தான் இருக்கேனே, சிங்களம் தெரியும். அவங்களுக்காக மூணு நாள் சும்மா நிக்கச் சொல்றியா?"

"இல்ல, அது பொம்பள..."

"அம்மா, நேரமில்ல. நாளைக்கே போறோம்."

நீ வாயை மூடிக்கொண்டாய். என் அவசரம் உனக்காகத்தான் என்று அன்று நான் மனதாரவே நம்பினேன்.

கிளினிக்கில் பச்சைத் திரைக்குள் மூன்று பேரும். டொக்டர் நடுவயதுக்காரர், பொறுமையானவர், அவர்மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எவ்வளவு காலமாக இரத்தம் படுகிறது என்று கேட்டார். நான் உன் பக்கம் திரும்பி, "எத்தன நாளா?" என்றேன். இரத்தம் என்ற சொல்லைக்கூட நான் சொல்லவில்லை. நீ தரையைப் பார்த்தாய். முந்தானை நுனியை விரலில் சுற்றினாய்.

"ஒரு ரெண்டு மூணு மாசமா இருக்கும்."

"மூன்று மாதம்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"நிச்சயமா? நன்றாகக் கேட்டுப் பாருங்கள்" என்றார் அவர். நான் கேட்டுப் பார்க்கவில்லை. பின்னேரம் எனக்குச் செய்முறைப் பரீட்சை இருந்தது. நிச்சயம் என்றேன்.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, அதன் முடிவு வந்த நாளில் அவர் ஐந்து நிமிடம் பேசினார். இன்றைக்கும் எனக்கு ஒரு வரி விடாமல் ஞாபகம் இருக்கிறது, அதுதான் தண்டனை. ஆரம்பக் கட்டம் போலத் தெரிகிறது என்றார். கருப்பையை எடுக்க வேண்டும், குழாய்களையும் சூலகங்களையும் அதோடு சேர்த்து எடுத்துவிடுவதுதான் நல்லது, சிலருக்கு ஆரம்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் அங்கே போயிருக்கும். உங்கள் அம்மாவுக்கு இன்னும் தீட்டு நிற்கவில்லை, மூன்று மாதம்தான் என்கிறீர்கள், குழாயோடு சூலகத்தை வைத்துக்கொள்ள அவர் விரும்பினால் யோசிக்கலாம், ஆனால் அப்படி என்றால் ஒரு கிளினிக்கூடத் தவறக்கூடாது. எல்லாவற்றையும் அவருக்கு விளக்கிச் சொல்லி, அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள்.

நான் உனக்குச் சொன்னது இவ்வளவுதான். "கருப்பைய எடுக்கணுமாம். முட்டைப்பையையும் சேத்து எடுக்கவா, விடவான்னு கேக்குறாரு."

"அது எதுக்குடா? எல்லாத்தையும் வழிச்செடுத்துட்டா நான் வெறுங்கூடாப் போயிருவேன். மலை ஏறணும்ல?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒன்னயப் பெத்த மூணா நாளே எனக்குக் கொழாயக் கட்டிட்டாங்க. பாதையத்தான் அடைச்சாச்சே. அங்கிட்டு எப்பிடிப் போகும்?" என்றாய்.

எனக்கு அது பாடப் புத்தகம் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் அடைத்த லைனில் அப்பால் எதுவும் போகாது. என் அம்மாவுக்கு இவ்வளவு மூளையா என்று பெருமைகூடப் பட்டேன். டொக்டரிடம் அந்தக் குழாய்க் கதையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்பார். நான் சொல்லவில்லை. "வைத்துக்கொள்ள விரும்புகிறார்" என்றேன். எழுதிக்கொண்டார். நீ கைநாட்டு வைக்காமல் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். எழுத்துக் கூட்டி எழுத நேரம் பிடித்தது. அதற்கும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கருப்பையை எடுத்த பிறகு முதல் இரண்டு கிளினிக்குக்குப் போனாய். மூன்றாவதுக்குப் பாதையில் மண் சரிந்திருந்தது. நாலாவதுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதே என்றாய். நான் வேலையில் சேர்ந்த புதிது, லீவு கேட்கக் கூச்சப்பட்டேன். வயிறு உப்பியபோது வாயு என்று இஞ்சி இடித்துக் குடித்தாய். கொழும்புக்குக் கொண்டுபோன பிறகுதான் சூலகம் இரண்டும் என்றார்கள். வாட்டில் ஒருநாள் நான் வந்து நின்றதும் நின்றபடி, "சாப்பிட்டியா, வலிக்குதா, மருந்து குடிச்சியா?" என்று கேட்டேன். நீ தலையணையில் சாய்ந்தபடி சிரித்தாய்.

"மூணு கேள்வி கேட்டுட்ட. ஒண்ணுக்காச்சும் பதிலுக்கு நில்லேன்டா."

அதற்கும் நான் நிற்கவில்லை. கண்டீன் மூடிவிடும் என்று கீழே ஓடினேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு வெலிமடைப் பக்கம் ஒரு கரட் தோட்டத்தில் தண்ணீர் ஊறுகிறது என்று முறைப்பாடு வந்தது. ஊறிய இடத்தில் தோண்டினேன். பைப்பு புதுப் பொண்ணு மாதிரி இருந்தது, ஒரு பொட்டு ஓட்டையில்லை. தோட்டக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அரைப் பாத்தி கரட்டத் தோண்டிட்டீங்களே தம்பி, இது வைத்தியமா, கொலையா?" ஓட்டை முப்பது அடிக்கு மேலே இருந்தது. தண்ணீர் பைப்புக்கு வெளியே வந்து, பைப்பைச் சுற்றிப் போட்ட மணல் வழியே நடந்து வந்திருக்கிறது. வால்வை அடைத்தவனுக்கு மணல் ஞாபகம் வரவில்லை. அந்தச் சேற்றுக்குள் நின்றபடி எனக்கு நீ சொன்ன பாதை ஞாபகம் வந்தது.

இனி அக்கா.

அவளும் என்னிடம் சொல்லவில்லை. மச்சான் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒரு தடவை வருவார், அவரிடமும் சொல்லவில்லை. புள்ளக் காம்பராவுக்கு நிறை பார்க்க வந்த புவனா மிஸ்ஸிடம்தான் சொல்லியிருக்கிறாள். அக்காதான் இப்போது அங்கே பிள்ளைகளைப் பார்க்கிறாள், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை. மிஸ் எனக்குப் போன் எடுத்தார். நான் அக்காவுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "கத்துவேன்னுதான் சொல்லல" என்றாள். வைத்துவிட்டாள்.

கிளினிக் நாளில் புவனா மிஸ்ஸும் வந்தார். நான் லீவு போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் நெட்டில் படித்துக்கொண்டு, கேள்விகளைப் போனில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். திரைக்குள் காலெடுத்து வைத்தவனை மிஸ் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"நீங்க வெளிய நில்லுங்க தம்பி."

"எனக்குச் சிங்களம் நல்லாத் தெரியும் மிஸ்."

"சிங்களம் எனக்கும்தான் தெரியும். ஒங்க முன்னால அது வாயத் தொறக்காது. போங்க, போய் ஒரு பிளேன்டீ குடிங்க."

பிளேன்டீ குடிக்கப் போகவில்லை. திரைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றேன். ஒட்டுக் கேட்டேன், வேறு சொல் இல்லை.

அக்காவின் குரல் எனக்குத் தெரியாத குரலாக இருந்தது. "போன தீபாவளிக்கு முன்னயே ஆரம்பிச்சுருச்சு மிஸ். நடுவுல நின்னுச்சு, பெறகு கட்டியாப் போச்சு. விரிப்பு நனையும்." என்னிடம் கேட்டிருந்தால் ரெண்டு மாசம் என்றிருப்பாள். மிஸ் ஒவ்வொன்றையும் அப்படியே சிங்களத்தில் சொன்னார். கட்டி என்றால் கட்டி, விரிப்பு என்றால் விரிப்பு. எதையும் சுருக்கவில்லை.

பிறகு டொக்டர் உன்னைப் பற்றிக் கேட்டார். தாய்க்கு எவ்வளவு காலம் இருந்தது?

"ஒன்றரை வருசம்" என்றாள் அக்கா.

நான் சுவரை விட்டு நிமிர்ந்தேன்.

"தம்பிகிட்ட மூணு மாசம்னு சொல்லிச்சு. ஒன்றரை வருசம் மிஸ். வெள்ளெனயே எந்திரிச்சு நாந்தான் சேலையையும் படங்கையும் பீலித் தண்ணியில அலசிக் குடுப்பேன், லயத்துல யாரும் பாக்குறதுக்கு முன்ன. தம்பிக்குத் தெரியக் கூடாதுன்னு என் தலையில கைய வச்சுச் சத்தியம் வாங்கிருச்சு."

புவனா மிஸ் உடனே மொழிபெயர்க்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் இருந்த ஒரு அம்மா, "ஏன் தம்பி நிக்கிறீங்க, ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை வரை பொறுத்திருந்தால் நீ இதை மிஸ்ஸிடம் சொல்லியிருப்பாய். மூன்று நாள். அதற்குத்தான் கேட்டிருக்கிறாய்.

திரைக்குள் அக்கா உன் கேள்வியைக் கேட்டாள், அம்மா. ஒரு எழுத்து மாறாமல். "எனக்கும் கொழாய் கட்டியிருக்கே மிஸ், சின்னவன் பொறந்தப்ப. பாதைய அடைச்சிருக்குல்ல?" உன்னிடமிருந்துதான் கேட்டிருக்க வேண்டும். டொக்டர் சிரிக்கவில்லை. குழாய் ஒரு வழி என்றார். கட்டியிருந்தால் அந்த வழியாகப் போவது குறையலாம். நிணநீர் ஓடும் வழியும் இரத்தம் ஓடும் வழியும் திறந்தேதான் இருக்கின்றன. முப்பத்தொன்பது வயதில் சூலகத்தை எடுத்தால் என்னென்ன வரும் என்பதையும் சொன்னார். உடம்பு கொதிக்கும், வேர்க்கும், எலும்பு தேயும், அவற்றுக்கு மருந்து பார்க்கலாம். வைத்துக்கொண்டால் என்ன பயம் என்பதையும் சொன்னார். இருபது நிமிடம் ஆனது. வெளியே வரிசை முனகியது.

மிஸ் அவளை அவசரப்படுத்தவில்லை. அக்கா பதில் சொல்வதற்குள் நான் மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தேன்.

"எடுத்துருங்க" என்றாள். "வேர்த்தா வேர்த்துட்டுப் போகட்டும். புள்ளக் காம்பராவுல இருபது புள்ளைகளோட இப்பவும் வேர்வைதான்."

வெளியே வந்தவளிடம் எனக்குக் கேட்டதாக நான் காட்டிக்கொள்ளவில்லை. இன்றுவரை காட்டிக்கொள்ளவில்லை. மூன்று மணி ஆகப்போகிறது. மாற்று ஆள் வந்துவிட்டான், கேட்டில் ஹோன் அடிக்கிறான். இத்தோடு நிறுத்துகிறேன். செவ்வாய்க்கிழமை என்ன வரும் என்று தெரியாமல் இதை எப்படி முடிப்பது என்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. ரிப்போட் வந்து மூன்று நாள்.

செவ்வாய்க்கிழமை காலை புவனா மிஸ் வரவில்லை, வேறு தோட்டத்தில் கிளினிக். நான் வழக்கம்போல் திரைக்கு வெளியே நின்றேன். உள்ளே போன அக்கா திரும்பிப் பார்த்து, "வாடா" என்றாள். "சிங்களம் தெரியும்னு பெருமையடிச்சியே, வா."

டொக்டர் கடதாசியைப் பார்த்தபடி பேசினார். நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவரை நிறுத்தி, அதைத் தமிழில் சொல்லி, அக்கா தலையாட்டிய பிறகுதான் அடுத்ததுக்குப் போனேன். இடது சூலகத்தில் ஒன்றும் இல்லை. குழாய்கள் இரண்டிலும் இல்லை. வயிற்றைக் கழுவி எடுத்த தண்ணீரில் இல்லை. எடுத்துப் பார்த்த நிணநீர்க் கணுக்களில் இல்லை.

வலது சூலகத்தில் இருந்தது. ஒரு சிறிய புள்ளி. ஸ்கேனில் தெரியாதது, வெட்டி எடுத்தபோது கண்ணுக்கும் தெரியாதது.

சுருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சின்னதா ஏதோ இருக்காம் என்று சொல்லியிருக்கலாம். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். "வலது பக்க முட்டைப்பையில இருக்கு. கருப்பையில இருந்து போயிருக்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு."

"விட்டிருந்தா?"

அதையும் அப்படியே கேட்டேன். விட்டிருந்தால் அங்கே வளர்ந்திருக்கும் என்றார் டொக்டர். இது மெதுவாக வளரும் வகை, கருப்பையிலும் ஒரு சூலகத்திலும் மட்டும்தான், இரண்டும் எடுத்தாகிவிட்டது, இதை இன்னும் ஆரம்பக் கட்டமாகவே எடுத்துக்கொள்ளலாம், நம்பிக்கையோடு இருங்கள் என்றார். ஆனாலும் மேற்கொண்டு சிகிச்சை வேண்டுமா என்று மற்ற டொக்டர்களோடு பேசி அடுத்த வாரம் புதன்கிழமை சொல்வார். உன் ரிப்போட்டின் பிரதியையும் அவர்களுக்குக் காட்டப் போகிறார். அக்காவின் மகளுக்கு என்ன செய்வது என்பதும் அதற்குப் பிறகுதான்.

எழும்பும் முன் நான் ஒன்று கேட்டேன். எங்கள் அம்மா மூன்று மாதம் என்று சொன்னது தவறு, ஒன்றரை வருடம் என்று அன்றே தெரிந்திருந்தால் மாறியிருக்குமா? அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிங்களத்தில் அந்த அளவு அவளுக்குப் புரியும்.

"அது சொல்ல முடியாது" என்றார் டொக்டர். "நானாக இருந்தால், ஒன்றரை வருடம் என்று கேட்ட பிறகு, எடுங்கள் என்று இன்னும் அழுத்திச் சொல்லியிருப்பேன். அவர் கேட்டிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது."

பதுளை பஸ் நிலையத்தில் பசறை வழியாகப் போகும் பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் இருந்தது. பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு பிளேன்டீ சொன்னேன்.

"அப்ப அன்னிக்குத் தெரைக்கு வெளிய நின்னு ஒட்டுக் கேட்டிருக்க."

"ஆமா."

"திருட்டுப் பய."

"அம்மா மூணு மாசம்னு சொன்னப்ப டொக்டர் இன்னொருக்காக் கேளுன்னாரு. நான் கேக்கலக்கா. அவரு அஞ்சு நிமிசம் பேசுனத நான் ஒரு வரியில முடிச்சுட்டேன். எடுக்குறதுதான் நல்லதுன்னு அவரு சொன்னத நான் அம்மாகிட்ட சொல்லவே இல்ல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் இப்போதுதான். அக்கா கோப்பையை வைத்தாள். அடிப்பாள் என்றே நினைத்தேன்.

"ஒன்றரை வருசம் நாந்தான் அலசுனேன்" என்றாள். "நீ ஒரு நாளு வாய மூடுன. நான் ஒன்றரை வருசம். என்னமோ நீ மட்டும் தனியாச் செஞ்ச மாதிரி பேசாத." பிறகு, "டீ ஆறுது, குடி" என்றாள்.

கடைக்காரர் மீதிக் காசைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் அவர் போகும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா என் பையிலிருந்து உன் படங்கை எடுத்து, உன் ரிப்போட்டோடு தன்னுடையதையும் வைத்துச் சுற்றி என் மடியில் போட்டாள். "நீயே வச்சுக்க. புதன்கெழம நீயே வா உள்ள. புவனா மிஸ் வந்தா வரட்டும், நீயும் வா." மழை பிடித்துக்கொண்டது. பஸ் இப்போதும் ஒழுகத்தான் செய்கிறது.

நகரம் கடந்து ஏற்றம் தொடங்கியதும் அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். மழைக் குளிரில் அவளுக்கு வேர்த்திருந்தது. டொக்டர் சொன்ன கொதிப்பு அதுவாகத்தான் இருக்கும். உடனே மருந்துப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

"உடம்புக்கு வேற என்ன செய்யுதுக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

முன்பு என்றால் அத்தோடு முடிந்திருக்கும். சரி என்று போனை எடுத்திருப்பேன். இப்போது எடுக்கவில்லை, அடுத்த கேள்வியும் கேட்கவில்லை. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண்டக்டர் வந்து டிக்கெட் கிழித்துவிட்டுப் போனான். வளைவுகளில் பஸ் சாய, என் மடியில் உன் படங்கு நழுவியது, கையால் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்லப் போகிறாள், சொல்லாமலே விட்டுவிடுவாளா. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். பதிலுக்கு நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று நீ சொல்லவில்லையே அம்மா.

பசறை கடந்ததும் அவள் முகத்தைத் திருப்பாமலே, "சிரிச்சிறாத" என்றாள்.

"சிரிக்க மாட்டேன்."

மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். மடுல்சீமை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். வரும் புதன்கிழமை டொக்டரிடம் சொல்ல, நான் ஒரு சொல்லைக்கூடச் சுருக்காமல் வைத்திருக்கிறேன்.